பழைய விருந்துகளின் அட்டைகளைத் தேடி: பாஸ்டன் முதல் நியூயார்க் வரை

ஞாயிறு, பாஸ்டன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்வர்டிலோ யேலிலோ படித்தவர்கள் கல்லூரியை விட்டுப் போன பிறகும் தங்கள் பேட்சை, அதாவது ஒரே வருடம் படிப்பை முடிக்கும் கூட்டத்தை, விடவில்லை. வருடா வருடமோ, மூன்றாம் வருடம், ஆறாம் வருடம், பத்தாம் வருடம் என்று கணக்கு வைத்தோ, ஒரு ஓட்டலில் கூடி இரவு விருந்து சாப்பிட்டார்கள். அந்த ஒரு ராத்திரிக்கென்று அச்சடித்த மெனு அட்டை, யார் யார் எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்ற பட்டியல், சேர்ந்து பாடும் பாட்டுத் தாள், கோட்டில் குத்திக்கொள்ளும் பட்டு ரிப்பன், பேட்ச் செயலாளர் அனுப்பிய சுற்றறிக்கை. இவைதான் நான் சேர்ப்பவை. இந்த வாரம் முழுக்க இவற்றைத் தேடித்தான் பயணம். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நான் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்தவன். லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று ஆயுசில் பெரும்பகுதி மையோடும் காகிதத்தோடும் போயிற்று. நாற்பது ஐம்பது பேர் மட்டுமே பார்க்கப்போகிற ஓர் அட்டைக்காகத் தகட்டில் எழுத்து வெட்டி, ஓரத்தில் தங்கம் ஏற்றி, பட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அந்தக் கைவேலையில்தான் முதலில் மனம் போயிற்று. அட்டையில் இருக்கும் ஆட்கள் மேல் அக்கறை வந்தது அப்புறம்தான். இப்போது அந்த அக்கறைதான் பெரிது.

இன்று காலை பள்ளித் தெருவில் இருக்கும் பார்க்கர் ஹவுஸ் ஓட்டலுக்குப் போனேன். ஹார்வி பார்க்கர் என்பவர் 1855-இல் திறந்தது. அறை வாடகை தனி, சாப்பாட்டுக் காசு தனி என்ற முறையை பாஸ்டனுக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அதனால் அங்கே தங்காதவர்களும் வந்து விருந்து நடத்த வசதியாயிற்று. ஹார்வர்டு பேட்சுகளின் பழைய அட்டைகளில் இந்த ஓட்டலின் பெயரும், கொஞ்ச தூரத்தில் கோர்ட் தெருவில் இருந்த யங்ஸ் ஓட்டலின் பெயரும் அடிக்கடி வரும். யங்ஸ் இப்போது இல்லை. பார்க்கர் ஹவுஸ் இருக்கிறது. ஆனால் இன்றைய கட்டடம் 1927-இல் எழுந்தது. ஆகவே நான் பார்க்கும் அட்டைகள் எந்தக் கூடத்தில் கைமாறினவோ அந்தக் கூடத்தில் நிற்க வழியில்லை. அந்த ஓட்டலின் பெயரிலேயே இன்றும் வழங்கும் மெத்தென்ற பன்னைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வெண்ணெய் தடவி மடித்துச் சுட்ட பன், நல்ல ருசி.

அங்கிருந்து ஐந்து நிமிஷம் மேடேறினால் பீக்கன் தெரு, எதிரே மாநில சட்டமன்றம். அந்த இடத்தில் ராபர்ட் கூல்ட் ஷா நினைவுச் சிற்பம் இருக்கிறது. வட மாநிலங்களும் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாசசூசெட்ஸின் 54-ஆம் படைப்பிரிவை, கறுப்பின வீரர்களின் படையை, நடத்திச் சென்று 1863-இல் வாக்னர் கோட்டையில் மடிந்தவர் ஷா. ஹார்வர்டில் 1860 பேட்ச். படிப்பை முடிக்காமல் போனவர். வெண்கலத்தில் இந்தச் சிற்பத்தைச் செய்தவர் செயின்ட் காடன்ஸ், திறந்தது 1897-இல்.

விருந்து அட்டை சேர்க்கிறவன் இங்கே ஏன் வந்து நிற்க வேண்டும்? இப்படி ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று 1865-இலேயே முதலில் கிளம்பியவர் ஒரு சமையல் காண்டிராக்டர். ஜோஷுவா போவன் ஸ்மித், கறுப்பினத்தவர். ஷா குடும்பத்தில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கி, பாஸ்டனின் பெரிய விருந்துகளுக்கும் ஹார்வர்டு விழாக்களுக்கும் சமைத்துப் பரிமாறியவர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர். போர்க் காலத்தில் 12-ஆம் படைப்பிரிவுக்குச் சாப்பாடு போட்டதற்கு மாநில அரசு அவருக்கு முழுப் பணத்தையும் கொடுக்கவில்லை. 1873-இல் அதே மாநில சட்டமன்றத்தில் உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். மெனு அட்டைகளில் ஓட்டல் பெயர் இருக்கும், பேசுகிறவர் பெயர் இருக்கும். சமைத்தவர் பெயரை நான் பார்த்ததே இல்லை. அதனால் என் கோப்பில் முதல் பக்கத்தில் ஸ்மித்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கள், கேம்பிரிட்ஜ்

ஹார்வர்டின் மெமோரியல் ஹாலுக்கு வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் மாதிரி தெரியும். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடம், ஒரு பக்கம் அரங்கம், நடுவில் குறுக்கே உயரமான ஒரு நடை. அந்த நடையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெள்ளைச் சலவைக்கல் பலகைகள், அவற்றில் உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று இறந்த 136 ஹார்வர்டுக்காரர்களின் பெயர்கள். பேட்ச் பேட்சாகப் பிரித்து, யார் எங்கே எந்தத் தேதியில் இறந்தார் என்று வெட்டியிருக்கிறார்கள். தெற்கின் பக்கம் போரிட்ட ஹார்வர்டுக்காரர்கள் இங்கே இல்லை. 1874-க்குப் பிறகு பட்டமளிப்பு நாளில் பழைய மாணவர்களின் பெரிய விருந்து இந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. அதாவது சாப்பிடப் போகிறவர்கள் இந்தப் பெயர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். 1860-களின் தொடக்கத்தில் முடித்த பேட்சுகளின் பலகைகளை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டேன்.

பேட்ச் விருந்து என்றால் சேகரிப்பவர்கள் முதலில் சொல்வது 1829-ஐத்தான். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மருத்துவர், கவிஞர், அந்த பேட்ச். 1851-இல் தொடங்கி 1889 வரை ஏறக்குறைய ஒவ்வொரு வருட விருந்துக்கும் ஒரு கவிதை எழுதிக்கொண்டு போய் வாசித்தார். 1859-இல் வாசித்த கவிதையில், படிப்பை முடித்து முப்பது வருடமாகித் தலை நரைத்தவர்களைப் ‘பையன்கள்’ என்றே கூப்பிடுகிறார். அந்த மேஜையில் உட்காரும் பையன்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. கணித மேதை பெஞ்சமின் பியர்ஸ் அந்த பேட்ச். அமெரிக்காவின் புகழ்பெற்ற தேசபக்திப் பாடல் ஒன்றை எழுதிய சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித்தும் அதே பேட்ச். 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற தீர்ப்புக்கு மாறாக எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸும் அதே பேட்ச். ஹோம்ஸின் கவிதைகளில் பலவற்றைப் பேட்ச் நண்பர்களுக்கென்று மட்டும் சின்னத் தாள்களில் அச்சிட்டார்கள். கொஞ்சம் பிரதிகள்தான் அடித்திருப்பார்கள் என்பதால் இன்று அவை என் கைக்கு எட்டாத விலை. ஒன்றை ஒரு முறை கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன்.

இதே காலத்தில் ஹார்வர்டு வெளியிட்ட பட்டதாரிகள் பட்டியல் லத்தீனில் இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இறந்தவர் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். அச்சுக் கோத்தவனாக இதை யோசித்துப் பார்த்தேன். அடுத்த பதிப்புக்கு அதே பக்கத்தை எடுத்து, எந்தெந்தப் பெயருக்கு நட்சத்திரம் சேர்ந்திருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றாக எழுத்தைச் செருகியிருப்பார்கள். இந்தப் பழக்கம் பேட்ச் அட்டைகளுக்கும் வந்தது. சில அட்டைகளில் அச்சிட்டே இருக்கும், சிலவற்றில் யாரோ கையால் போட்டிருப்பார்கள்.

பேட்ச் செயலாளர் வேலை ஆயுள் முழுக்க. கல்யாணம் ஆயிற்றா, குழந்தைகள் எத்தனை, என்ன தொழில் என்று கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1837 பேட்சின் செயலாளர் பத்தாம் வருடத்துக்காக அனுப்பிய கேள்விகளுக்கு ஹென்றி டேவிட் தோரோ 1847 செப்டம்பரில் பதில் எழுதினார். கல்யாணம் ஆகவில்லை என்றார். தொழில் என்ன என்ற கேள்விக்குப் பள்ளி ஆசிரியர், நில அளவையாளர், தோட்டக்காரர், வீட்டுக்கு வர்ணம் அடிப்பவர், தச்சர், கொத்தனார், தினக்கூலி, பென்சில் செய்பவர், எழுத்தாளர் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் உண்மைதான், அவர் குடும்பத் தொழிலே பென்சில். இப்படிப்பட்ட பதில்கள் செயலாளர்களின் கட்டுகளில் இன்னும் எத்தனை இருக்கும்! மெனு அட்டைக்குக் கொடுக்கும் மரியாதையைச் சுற்றறிக்கைக்கும் கொடுங்கள் என்று புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

செவ்வாய், பிரிம்ஃபீல்டு

அக்கா மகன் ஷ்ரூஸ்பரியில் இருக்கிறான். நேற்று ராத்திரி அவன் வீட்டில் ரசம் சாதம், படுக்கை. விடியுமுன் எழுப்பிவிட்டேன்.

“மாமா, கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.”

“இது கடை இல்லடா, சந்தை. இருட்டுலயே போகணும்.”

பிரிம்ஃபீல்டு சின்ன ஊர். 1959-இல் கார்டன் ரீட் என்ற ஏலக்காரர் தொடங்கிவைத்த பழம்பொருள் சந்தை இன்று நெடுஞ்சாலை 20-இன் இரண்டு பக்கமும் வயல் வயலாகப் பரந்து கிடக்கிறது. மே, ஜூலை, செப்டம்பர் என்று வருடத்தில் மூன்று முறை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை. ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு நேரத்தில் திறக்கும். அது தெரிந்து போக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புல்லெல்லாம் பனி. டார்ச் வெளிச்சத்தில் ஆட்கள் ஏற்கெனவே பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, கண்ணாடி, தகர விளம்பரப் பலகை, இரும்புப் பொம்மை, முக்கால்வாசி அதுதான். காகிதம் விற்பவர்கள் குறைவு. அவர்களுடைய கூடாரத்தை எட்ட இருந்தே கண்டுபிடித்துவிடலாம். மழை வந்தால் இழுத்து மூடத் தயாராக நாலு பக்கமும் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள்.

முதல் கூடாரத்தில் ஸ்மித் கல்லூரியின் விருந்து அட்டை ஒன்று கிடைத்தது. பெண்கள் கல்லூரி, இங்கிருந்து வடமேற்கே நார்த்தாம்ப்டனில். 1875-இல் திறந்தார்கள், 1879-இல் பட்டம் பெற்ற முதல் பேட்சில் பதினொரு பேர். அந்த பேட்ச் அட்டை இல்லை இது, எண்பதுகளின் கடைசி. ஆனால் பெண்களின் பேட்ச் விருந்து அட்டைகள் சந்தையில் அவ்வளவாகத் தென்படுவதில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

அடுத்த கூடாரத்தில் இருந்தவர் வயதான பெண்மணி. ஒரு மேஜையில் விருந்து அட்டைகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தார். இடது பக்கம் பளபளவென்று தங்க ஓரம், வண்ணப் பூக்கள், ஒரு கறை கிடையாது. விலை நாற்பது டாலருக்குக் குறைவில்லை. வலது பக்கம் ஒரு செருப்புப் பெட்டி. எழுதியது, கிறுக்கியது, ஒயின் சிந்தியது எல்லாம் அதில். எது எடுத்தாலும் எட்டு டாலர். நான் நேராகப் பெட்டிக்குப் போனேன்.

மேலே இருந்ததை எடுத்தேன். நாலு பக்கம் வருமாறு மடித்த கனமான அட்டை, வெளுத்த நீல ரிப்பன். லூப்பை, அச்சுக்காரர்களின் சின்னப் பூதக்கண்ணாடியை, வைத்துப் பார்த்தேன். எழுத்தின் மை காகிதத்துக்கு மேலே மேடாக நிற்கிறது. பின்பக்கம் விரலால் தடவினால் அழுந்திய தடம் தெரிகிறது. தகட்டில் வெட்டி அடித்தது, சந்தேகமே இல்லை. பார்க்கர் ஹவுஸ், 1881. அறுபதுகளின் தொடக்கத்தில் முடித்த ஒரு ஹார்வர்டு பேட்சின் விருந்து. வலது பக்கம் சாப்பாடு: ஓட்டோடு சிப்பி, பச்சை ஆமை சூப், பட்டாணியோடு வேகவைத்த சால்மன் மீன், ஆட்டுத் தொடை, நடுவில் வாய்க்குக் குளிர்ச்சியாக ரம் கலந்த எலுமிச்சை ஐஸ், அப்புறம் கேன்வாஸ்பேக் என்ற காட்டு வாத்து, ஸ்ட்ராபெர்ரி, ஐஸ்கிரீம், காபி. இடது பக்கம் பேச்சாளர் பட்டியல். முதலில் கல்லூரிக்கு, பிறகு பேட்சுக்கு, பிறகு நாட்டுக்கு, கடைசியில் இறந்தவர்களுக்கு. கடைசிக்கு மட்டும் பேச்சாளர் பெயர் இல்லை. எழுந்து நின்று மௌனமாகக் கோப்பையைத் தூக்குவார்கள்.

அந்தப் பேச்சாளர் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் ஓர் எண் இருந்தது. 6, 11, 4, 22. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. அக்கா மகன்தான் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

“நிமிஷக் கணக்கு மாமா. யார் எவ்வளவு நேரம் பேசினாங்கன்னு எழுதியிருக்காரு.”

ஆமாம். கடிகாரத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். 22-க்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு.

அந்தப் பெட்டியில் அதே பென்சில், அதே கையெழுத்து இன்னும் பல அட்டைகளில் இருந்தது. ஒரே ஆள் வைத்திருந்த அட்டைகள், ஒரே பேட்ச். 1871-இல் நடந்த விருந்துக்கு ஈய எழுத்தில் அடித்த ஒற்றைத் தாள். அலங்காரம் என்று ஒரு கோடுதான். 1881-க்கு இந்த ரிப்பன் அட்டை. 1891-க்கு அட்டையிலேயே பேட்ச் ஆட்களின் புகைப்படம் அச்சாகியிருக்கிறது. லூப்பில் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளி. புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறை வந்துவிட்டது. இருபது வருட அச்சுத் தொழில் வரலாறு ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சாப்பாட்டு வரிசையும் வருடம் ஏற ஏறச் சுருங்குகிறது. 1891-இல் ஆமை சூப்பும் இல்லை, வாத்தும் இல்லை. விருந்து தொடங்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கிறது. வயதாகிவிட்டதல்லவா.

1871 தாளின் பின்பக்கம் இறந்தவர்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன. நேற்று எடுத்த படங்களைப் போனில் திறந்து ஒப்பிட்டேன். சலவைக்கல்லில் இருந்த பெயர்கள் வரிசையாக இந்தத் தாளிலும் வந்தன. ஆனால் இரண்டு பெயர்கள் தாளில் இருந்தன, கல்லில் இல்லை. அவற்றுக்கு எதிரே பென்சிலில் ‘விர்ஜீனியா’ என்றும் ‘ஜார்ஜியா’ என்றும் எழுதியிருந்தது. தெற்கிலிருந்து வந்து படித்தவர்களாக இருக்கும். கல்லூரிச் சுவரில் இடம் கிடைக்காதவர்களுக்கு பேட்சின் விருந்துத் தாளில் இடம் இருந்திருக்கிறது. அந்தச் சேற்றில் நின்றுகொண்டு இதை நானும் அக்கா மகனும் இரண்டு முறை சரிபார்த்தோம்.

பேரம் பேசவில்லை. பெட்டியோடு எடுத்துக்கொள்கிறேன் என்றதும் அந்த அம்மாவே குறைத்துச் சொன்னார். “எழுதிக் கெடுத்ததை யாரும் வாங்குவதில்லையே” என்றார். எழுதியதற்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னேன். இந்தப் பொருளில் என் தீர்மானமான கருத்து இதுதான். பளபளப்பான அட்டை ஓட்டல்காரர் என்ன சமைத்தார் என்று சொல்லும். பென்சில் பட்ட அட்டை, அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்தார் என்று சொல்லும். அதிலும் ஒரே பேட்சை வருடம் வருடமாகத் தொடர்ந்து போனால்தான் ஒரு கதை கிடைக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக அழகானதைப் பொறுக்கினால் ஆல்பம்தான் கிடைக்கும்.

புதன், வூஸ்டர்

அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி. பெயர் பெரிது, அடிப்படையில் அமெரிக்க அச்சுக் காகிதங்களின் நூலகம். 1812-இல் நிறுவியவர் ஐசையா தாமஸ், அச்சுக்காரர். ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பிடிக்காத பத்திரிகை நடத்தியவர். 1775 ஏப்ரலில், புரட்சிப் போர் வெடிப்பதற்குச் சில நாள் முன்பு, பாஸ்டனிலிருந்து தன் அச்சு இயந்திரத்தை ராத்திரியோடு ராத்திரியாக வூஸ்டருக்குக் கடத்திக் கொண்டுவந்துவிட்டார். அந்த மர இயந்திரம் இன்னும் இங்கே இருக்கிறது. கைப்பிடியை இழுத்துத்தான் ஒவ்வொரு தாளும் அடிக்க வேண்டும். என் தொழில்காரர் ஒருவர் நிறுவிய இடம் என்பதால் உள்ளே நுழையும்போதே மனசுக்கு நிறைவு.

அடையாள அட்டை காட்டிப் பதிந்துகொண்டால் வாசிப்பறையில் உட்காரலாம். பேனா கூடாது, பென்சில்தான். கேட்ட மெனு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தருகிறார்கள். அட்டைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் முக்கியமாக வந்தேன். அமிலம் இல்லாத உறை, தேவையான இடத்தில் தெளிவான பாலியெஸ்டர் உறை, அவ்வளவுதான். 1870-களுக்குப் பிறகு மரக்கூழ்க் காகிதம் பெருகிவிட்டதால் அந்தக் காலத்து மலிவான தாள்கள் பழுப்பேறி ஒடியும்; அதற்கு முந்தைய கந்தல் துணிக் காகிதம் இன்னும் உறுதியாக இருக்கும். பட்டு ரிப்பன்தான் எல்லாவற்றிலும் மோசம், மடிப்பிலேயே இற்றுப்போகும். அவிழ்த்துக் கட்டப் பார்க்கக் கூடாது. நம் ஊரில் பழைய காகிதம் என்றாலே லேமினேஷன் கடைக்கு ஓடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது திரும்பப் பெற முடியாத சேதம்.

மத்தியானம் பக்கத்திலேயே ரூரல் செமட்ரி என்ற கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்றுக் கொடுத்த சாமுவேல் பிஸ்க் கிரீன் வூஸ்டர்க்காரர். 1822-இல் பிறந்தவர், 1884-இல் இங்கே இறந்தார். தமிழர்களுக்கு வந்த மருத்துவ ஊழியர் என்று கல்லில் எழுதச் சொல்லிவிட்டுப் போனார், அப்படியே எழுதியிருக்கிறார்கள். அக்கா மகன் இத்தனை வருடம் இந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்தும் இதைக் கேள்விப்பட்டதில்லை. “அம்மாவுக்கு போட்டோ அனுப்புறேன் மாமா” என்று எடுத்துக்கொண்டான்.

இவரைப் போல நம் பக்கம் வந்த அமெரிக்க மிஷனரிகளில் பலர் இந்த வடகிழக்குக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் தலைவர் டேனியல் பூர் டார்ட்மவுத் கல்லூரியில் 1811 பேட்ச். பிறகு மதுரையிலும் பணியாற்றினார். பேட்ச் செயலாளர்களின் அறிக்கைகளைப் புரட்டும்போது தொழில், ஊர் என்ற இடத்தில் சிலோன், மதுரை என்று வருகிறதா என்று நான் எப்போதும் பார்ப்பேன்.

வியாழன், நியூ ஹேவன்

அக்கா மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். யேல் பேட்சுகள் விருந்து நடத்திய நியூ ஹேவன் ஹவுஸ் என்ற ஓட்டல் பசுந்திடலுக்கு எதிரே இருந்தது. அது போய் அதே இடத்தில் டாஃப்ட் ஓட்டல் எழுந்து, அதுவும் இப்போது குடியிருப்பாகிவிட்டது. பெயருக்குரிய குடும்பத்தின் வில்லியம் டாஃப்ட் யேலின் 1878 பேட்ச், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி.

யேலின் மூன்றாம் வருட விருந்தில் ஒரு தனிச் சடங்கு இருந்தது. பேட்சில் யாருக்கு முதலில் ஆண் குழந்தை பிறந்ததோ அந்தக் குழந்தைக்கு எல்லாரும் காசு போட்டு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். அந்தப் பையன் ஆயுள் முழுக்க அந்த பேட்சின் பையன். இந்தக் கோப்பைகள் எப்போதாவது ஏலத்துக்கு வரும். வெள்ளி விலையே அதிகம், அதற்கு மேல் சேகரிப்பாளர் விலை. எனக்குக் கோப்பையைவிட அதற்குக் காசு கேட்டு எழுதிய சுற்றறிக்கை கிடைத்தால் போதும்.

யேல் என்ற பெயரே நம் கோட்டையிலிருந்து வந்தது. பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1718-இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கையும் 417 புத்தகங்களையும் ஒரு ராஜா படத்தையும் வாங்கிக்கொண்டு, சரக்கை 562 பவுண்டுக்கு விற்று, கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தச் செல்வம் எப்படி வந்தது என்பது பற்றி இன்று இங்கே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புகளுக்காக 2024-இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

வூல்சி அரங்கின் வட்டக் கூடத்தைப் பார்க்கத்தான் இங்கே ஒரு நாளை ஒதுக்கினேன். உள்நாட்டுப் போரில் இறந்த யேல்காரர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. வடக்கு, தெற்கு என்று பிரிக்காமல் இரண்டு பக்கத்தவரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். திறந்தது 1915-இல், போர் முடிந்து ஐம்பது வருடம் கழித்து. அடிமைத்தனத்தைக் காக்கப் போரிட்டவர்களையும் அதை ஒழிக்கப் போரிட்டவர்களையும் ஒரே சுவரில் எழுதுவது சரியா என்று இன்றும் வாதம் உண்டு. எனக்கும் அது சரி என்று தோன்றவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கிடைத்த 1871 தாளில், வென்ற பக்கத்து நண்பர்கள் தாங்களாகவே அந்த இரண்டு பெயர்களைச் சேர்த்திருப்பது வேறு விஷயம். அது பல்கலைக்கழகத்தின் தீர்மானம் இல்லை. கூடப் படித்தவன் செத்துப்போனான், அவன் பெயரை விட மனசு வரவில்லை.

வெள்ளி, நியூயார்க்

நியூ ஹேவனிலிருந்து ரயிலில் கிராண்ட் சென்ட்ரல், அங்கிருந்து நடந்தே பொது நூலகம். முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கியிருந்தேன். 328-ஆம் அறை, அரிய நூல்கள் பகுதி.

உலகத்தில் மெனு அட்டை சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் முன்னோடி பிராங்க் பட்டால்ஃப் என்ற அம்மையார். ஆண் பெயர் மாதிரி இருந்தாலும் பெண்தான். 1900 வாக்கில் சம்பளம் வாங்காமல் இந்த நூலகத்துக்காக மெனு சேர்க்கத் தொடங்கினார். ஓட்டல்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதினார், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். 1924-இல் இறக்கும்போது இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் நீல மையில் சேகரிப்பின் முத்திரை. 2011-இல் நூலகம் இவற்றை இணையத்தில் ஏற்றி, பொதுமக்களையே படித்து எழுதித் தரச் சொன்னது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பதார்த்தங்களின் பெயர்கள் எழுத்துக்கு வந்துவிட்டன.

கல்லூரிப் பழைய மாணவர் விருந்துகளை எடுத்துத் தரச் சொன்னேன். டெல்மோனிகோ உணவகத்தில் நடந்தவைதான் நிறைய. எல்லாம் பிரெஞ்சு, எல்லாம் அழகு. ஒன்று பட்டில் அச்சடித்தது. நூறு வருடம் தாண்டியும் மை பிசகவில்லை. ஒன்றிலும் கறை இல்லை, ஒன்றிலும் பென்சில் இல்லை. அழுக்குப் பட்ட அட்டையை பட்டால்ஃப் அம்மையார் ஏற்பதில்லை. எனக்கு வேண்டியதையெல்லாம் அவர் ஒதுக்கியிருக்கிறார் என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது உண்மை. ஆனால் ஓட்டல்காரர் கையிலிருந்து நேராக வாங்கி, தேதி போட்டு, முத்திரை குத்தி வைத்த அந்த ஒழுங்கினால்தான் எந்த வருடம் எந்த ஊரில் என்ன சாப்பிட்டார்கள் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. என் செருப்புப் பெட்டியில் தேதியில்லாத ஓர் அட்டை இருக்கிறது. இங்கே பார்த்த ஒன்றில் அதே ஓரச் சித்திரம், அதே எழுத்து. 1886 என்று தெளிவாக இருக்கிறது. ஒரே அச்சகமாக இருக்க வேண்டும். தேதி கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது.

மேஜையில் இருந்த இன்னோர் அட்டையில் மீண்டும் ஆமை சூப்பும் கேன்வாஸ்பேக் வாத்தும். அந்த வாத்தைச் சந்தைக்காகக் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் அது அருகிவிட்டது. 1918-இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்த பிறகு காட்டு வாத்து வியாபாரமே நின்றுபோனது. ஒரு பறவை விருந்திலிருந்து மறைந்த கதையை இந்த அட்டைகளை அடுக்கி வைத்தே சொல்லிவிடலாம்.

ராத்திரி அறைக்கு வந்து பெட்டியில் உள்ளவற்றை வரிசைப்படுத்தினேன். அந்த பேட்சின் தொடரில் 1876-உம் 1896-உம் இல்லை. ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஹார்வர்டு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நகல் அனுப்பப் போகிறேன். அந்த இரண்டு தெற்கத்திப் பெயர்களைப் பற்றி அவர்களிடம் பேட்ச் செயலாளரின் குறிப்பு ஏதாவது இருக்கலாம். ஜூலையில் பிரிம்ஃபீல்டு மறுபடி கூடும். அந்தக் கூடாரத்தில் பென்சில் பட்டது எது வந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். போய் வாங்கி வர அக்கா மகன் ஒப்புக்கொண்டுவிட்டான்.